பெயர் கடைசியில் வரும்

“…அவர்களின் இளைய மகளும், காங்கேயம் எண்ணெய் மில் மேஸ்திரி அவர்களின் தம்பி மகளும், சிங்காநல்லூர் ஒர்க்‌ஷாப் ஓனர் அவர்களின் கொழுந்தியா மகளும்…”

என்று குழாய் ஒலிபெருக்கியில் மாமாவின் குரல் இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தபோது, கிணற்று மேட்டில் நின்றிருந்த அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்க ஓடியவர்களும் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். சேதி இன்னும் முடியவில்லை. அது முடிகிறவரை எங்கள் ஊரில் யாரும் அசையமாட்டார்கள்.

காணாமல் போயிருந்தது என் தங்கை. நாலு வயது. அவளுக்கு ஒரு பெயர் இருந்தாலும் ஊரே பாப்பா என்றுதான் கூப்பிடும். நான் அப்போது நாலாம் வகுப்பு.

அம்மா உட்கார்ந்ததில் தப்பே இல்லை. அந்தப் பேச்சு எப்படி முடியும் என்று எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் மாமாவைப் பற்றியும் ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பல்லடத்துக்குக் கிழக்கே இருக்கிறது ஊர். விசைத்தறி ஊர். ஒரு வீட்டுக்குத் திண்ணை இருக்கிறதோ இல்லையோ, பக்கவாட்டில் ஒரு தறி குடோன் இருக்கும். பகலும் ராத்திரியும் அந்தச் சத்தம்தான். அதிலேயே பிறந்து வளர்ந்ததால் நாங்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். கல்யாணத்துக்கு வந்த வெளியூர் உறவுக்காரர்கள், பந்தியில் ரசம் கேட்கிறவனைப் பார்த்துச் சண்டை என்று நினைத்து விலக்கிவிட வந்த கதையெல்லாம் உண்டு.

மாமா அம்மாவின் தம்பி. சொந்தமாக ஒரு பழைய ஆட்டோ, அதன் தலையில் முன்னும் பின்னுமாக இரண்டு குழாய், உள்ளே ஒரு மைக். சுற்றுவட்டாரத்தில் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியது எதுவானாலும் அவர் வாய் வழியாகத்தான் வெளியே வரும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே வாய் இல்லை. சேலை விற்பனை என்றால், “வாங்கம்மா வாங்க! வந்து பாருங்க! தொட்டுப் பாருங்க!” என்று வார்த்தைகள் முன்னால் ஓடிவந்து கையைப் பிடித்து இழுக்கும். எங்கிருந்து கேட்டாலும் புரியும், எங்கே விட்டாலும் நஷ்டமில்லை. பஞ்சாயத்து அறிவிப்புக்கு, “நாளைக்குக் குடிதண்ணி வராது,” அவ்வளவுதான். ஏன் வராது, எப்போது வரும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது, வண்டி அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். கோயில் நோம்பி என்றால் அதற்கொரு குழைவு, “அனைவரும் வருக” என்பதற்குள் நாலு முறை அம்மனைக் கூப்பிட்டுவிடுவார்.

சாவுச் சேதிதான் வேறு. அதில் போனவர் பெயர் கடைசியில்தான் வரும். இன்னாரின் தகப்பனாரும், இன்னாரின் மாமனாரும், இன்னாரின் சின்னய்யனும் என்று, உயிரோடு இருக்கிறவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து நின்ற பிறகுதான் இல்லாமல் போனவர் வருவார். அதுவும் நியாயம்தான். எங்கள் பக்கத்தில் வயதானவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்? யாருக்கு என்ன வேணும் என்பதுதான் தெரியும். அதனால் அந்த வரிசையில் அடுத்த பெயர் நம் வீட்டுப் பெயராக இருந்துவிடுமோ என்று ஒவ்வொருவரும் கடைசிச் சொல் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

தறிக்காரர்களுக்கும் இதில் ஒரு வழக்கம். குடோன் வாசலில் டீ குடிக்கவோ பீடி பிடிக்கவோ எப்போதும் ஒருவர் நிற்பார். “அவர்களின்” என்ற சொல் இழுவையாக இரண்டு தடவை காதில் விழுந்தால் அவர் கையைத் தூக்குவார். உள்ளே இருக்கிறவர் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். ஓடுகிற தறியை நிறுத்தினால் துணியில் கோடு விழும், ஓனர் திட்டுவார். ஆனால் சாவுச் சேதிக்கு நிறுத்தியதற்காக எந்த ஓனரும் திட்டியதில்லை. டீக்கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்: “உன்ற மாமன் ‘வாங்க’ன்னா தறி ஓடும், ‘அவர்களின்’னா தறி நிக்கும். கலெக்டருக்குக்கூட அந்தப் பவரு கெடையாது அம்மணி!”

அன்று பள்ளிக்கூடம் விட்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினேன். தெருவில் எங்கள் வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. பாப்பாவின் தட்டில் பாதிச் சோறு காய்ந்து கிடந்தது. எதிர்வீட்டு அத்தை என் பையை வாங்கிக்கொண்டு, “கெணத்துப் பக்கம் போயிராத கண்ணு,” என்றார். அப்படிச் சொன்னதால்தான் எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

கிணற்று மேட்டில் கூட்டம். வாளி விழுந்தால் எடுக்கிற பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அது தண்ணீருக்குள் எதிலோ மாட்டிக் கயிறு இறுகும். மேலே வந்து பார்த்தால் ஒரு துருப்பிடித்த குடம். மறுபடி இறக்குவார்கள். மறுபடி இறுகும். ஒரு பழைய டயர். அம்மா அழவில்லை. கயிற்றைப் பிடித்திருந்தவரின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போய் அவள் முந்தானையைப் பிடித்தேன். யார் என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மத்தியானம் சோறு பாதியில் இருக்கும்போது பாப்பா எதையோ துரத்திக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறாள். அம்மா கை கழுவிவிட்டு வருவதற்குள் தெருவில் ஆள் இல்லை. அவ்வளவுதான் யாருக்கும் தெரியும்.

அப்பா குடோன் குடோனாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இடத்திலும் காதருகே வாயை வைத்துக் கத்த வேண்டும். அவர்கள் “என்னுங்க?” என்பார்கள். இவர் மறுபடி கத்துவார். மாமாவும் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வந்துவிட்டார். “பச்சக் கவுன் போட்ட பாப்பாவக் காணோமுங்க! பாத்தவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க!” என்று படபடவென்று சொல்லியிருக்கிறார். சேலை விற்கிற வேகம்தான் அதுவும். ஒரு குடோன்கூட நிற்கவில்லை. ஒரே ஒரு அம்மாள் வாசலுக்கு வந்து, “கவுனு என்ன வெலைங்க?” என்று கேட்டாராம். மாமா அதை எங்களிடம் சொன்னபோது சிரிக்கவா அழவா என்று அவருக்கே தெரியவில்லை.

அந்த வருடங்களில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்லவே முடியாது. நாளுக்கு எத்தனை முறை போகும் என்று எண்ணுவதையே விட்டிருந்தோம். அது போனால் ஊரே வாயில் துணி வைத்ததுபோல் அடங்கிவிடும். அன்று பார்த்துப் போகவே இல்லை. அப்பா லைன்மேனுக்குப் போன் போட்டுப் பார்த்தார், “சித்த நேரம் கரண்ட அமத்திப்போடுங்க” என்று கேட்பதற்காக. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

மாமா வண்டியை மேட்டோரம் நிறுத்திவிட்டு வந்தார். கிணற்றுக்குள் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தார்.

“கத்தாத புள்ளையாங்க மச்சான் அது? ஒரு எறும்பு கடிச்சாலே மூணு தெருவுக்குக் கேக்கும். எங்கயோ கத்தீட்டுத்தான் இருக்குது. நமக்குத்தான் கேக்கறதில்ல.”

“கேக்கோணும்னா தறி நிக்கோணும்டா,” என்றார் அப்பா. தொண்டை கட்டிப்போய் காற்றுதான் வந்தது. “ஒரு குடோன நிறுத்தச் சொல்லிப்போட்டு அடுத்ததுக்குப் போறதுக்குள்ள மொதல்ல நிறுத்துனவன் ஓட்டிப்போடறான். மொத்தமா எவன் நிறுத்துவான்?”

மாமா மேற்கே பார்த்தார். வெயில் தென்னை மட்டைக்குக் கீழே இறங்கியிருந்தது. பிறகு அம்மாவின் முதுகைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“அந்தப் புள்ளைய இங்க நிக்க வெக்காதீங்கப்பா,” என்று யாரோ என்னைக் காட்டிச் சொன்னார்கள். மாமா என் கையைப் பிடித்து ஆட்டோவில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். மைக்கை எடுத்துச் சட்டையில் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடியும் துடைத்தார். வண்டியை நடக்கிற வேகத்தில் நகர்த்திக்கொண்டே, ஆரம்பித்தார்.

முதலில் எங்கள் தாத்தா பெயர் வந்தது. “அவர்களின் பேத்தியும்.” அப்புறம் அப்பா பெயர். “அவர்களின் இளைய மகளும்.” அந்த இழுவை எனக்குத் தெரியாததா? மாமாவுக்கு ஏதோ தெரிந்துவிட்டது, எனக்கு மட்டும் சொல்லவில்லை என்று நினைத்தேன். காங்கேயம் பெரியப்பா வந்தார், சிங்காநல்லூர் பெரியப்பா வந்தார். அப்போதுதான் மேட்டில் அம்மா உட்கார்ந்தாள். வண்டியிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. மாமாவுக்கும் தெரிந்திருக்கும். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் கண் குடோன் வாசல்களிலேயே இருந்தது.

ஒரு வாசலில் பீடியோடு நின்றவரின் கை மேலே போனது. அந்தக் குடோன் நின்றது. அதை அடுத்தது நின்றது. எதிர்த்தாற்போல் இரண்டு சேர்ந்து நின்றன. ஆட்கள் தலையில் பஞ்சுத் தூசியோடு வாசலுக்கு வந்து, யார் யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் கீழத்தெருவில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மாமாவுக்கு உறவுகள் தீர்ந்துகொண்டு வந்தன. ஒன்றுவிட்ட சித்தப்பாவைக் கூப்பிட்டார். பங்காளி வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டார். எங்கள் வீட்டோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்த அப்பாவின் பெரிய மாமனாரைக்கூடக் கூப்பிட்டு “அவர்களின்” என்றார். அதற்கும் கீழத்தெரு நிற்கவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை மைக்கில் சொட்டியது. சட்டென்று என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு,

“அரசு தொடக்கப் பள்ளி நாலாம் வகுப்பு மாணவி…” என்று என் பெயரைச் சொல்லி, “…அவர்களின் அன்புத் தங்கையுமாகிய…” என்றார்.

என்னை யாராவது ‘அவர்கள்’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த நிலைமையிலும் காது லேசாகச் சூடானது. அந்தச் சொல் போய்ச் சேர்ந்தபோது கீழத்தெருவில் கடைசித் தறியும் நின்றது.

எங்கள் ஊர்க் காக்கைகளை நான் காதுகொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான். எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. ஊர் முழுக்க ஆட்கள் வாசலில் நின்றார்கள், பெயருக்காக. மாமா பெயரைச் சொல்லவில்லை. மைக்கை வாயிலிருந்து எடுத்து, பொத்தானை அணைத்தார். வண்டிச் சாவியையும் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். பாவம், பதட்டத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்து நான் மெதுவாக, “மாமா, பாப்பான்னு சொல்லோணும்,” என்றேன். அவர் என் வாயைக் கையால் பொத்தினார்.

அப்போது கேட்டது. பூனை கத்துகிறதா, பிள்ளை அழுகிறதா என்று சொல்ல முடியாத ஒரு சன்னக் குரல். விட்டுவிட்டு வந்தது. முதலில் பூனைதான் என்றார்கள். அடுத்த தடவை அது, “ம்மா,” என்றது.

மாமா செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு ஓடினார். இரண்டு குடோன்களுக்கு நடுவில் ஒடுக்கமாக ஒரு நூல் ரூம் உண்டு. மத்தியானம் திறந்து கிடந்த கதவை, போகிற போக்கில் யாரோ சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். திறந்தால், நூல் மூட்டைகளுக்கு இடையில் முடி, இமை, கவுன் எல்லாம் பஞ்சு படிந்து, மாவில் புரட்டி எடுத்ததுபோல் பாப்பா நின்றாள். கவுனைத் தூக்கிக் கட்டி அதற்குள் ஒரு பூனைக்குட்டியை வைத்திருந்தாள். இத்தனை நேரமும் கத்தியிருக்கிறாள். இரண்டு பக்கமும் தறி ஓடும்போது யாருக்குக் கேட்கும்? குரல் கிழிந்து நூலாகத் தொங்கியது.

அம்மா எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தாள் என்று தெரியாது. பாப்பாவை வாங்கி முகர்ந்தாள், தடவினாள், கையைக் காலை நீட்டிப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் கொடுத்துவிட்டு, திரும்பி, ஊர் பார்க்க மாமாவின் கன்னத்தில் அறைந்தாள்.

“என்ற புள்ள செத்துப்போச்சுன்னு ஊரெல்லாஞ் சொல்றதுக்காடா மைக்க எடுத்தே? என்ற உசுரு போயி வந்துச்சேடா பாவி!”

மாமா கன்னத்தைத் தொடவில்லை. நின்றபடி நின்றார்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் வேறு பிடித்துக்கொண்டார். “ஏனப்பா, இத்தன வருசமா மைக்குப் புடிக்கறே. எதுக்கு எதச் சொல்றதுன்னு தெரியாதா உனக்கு?”

“நல்லவேள, அடுத்த வாரம் என்ற மகளுக்கு நிச்சயத்துல பேச இவரக் கூப்புடலாம்னு இருந்தேன்,” என்றார் டீக்கடைக்காரர். “மாப்பிள்ளையப் பொதைச்சுப்போட்டுத்தான் உட்டிருப்பாரு!” சிலர் சிரித்தார்கள். பயம் இறங்கும்போது வருகிற சிரிப்பு.

அப்பா பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். “இல்லீங்க, அவன் என்ன பண்ணுனான்னா…” என்று ஆரம்பித்தார்.

“மச்சான், புள்ளைக்கு மொதல்ல தண்ணி குடுங்க,” என்று மாமா குறுக்கே சொன்னார். பிறகு பெரியவர் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். “வாய் தவறிப்போச்சுங்க. பதட்டத்துல எதுவோ வந்துபோச்சு. எல்லாரும் மன்னிச்சுக்கோணும்.”

அதற்குள் கீழத்தெருவிலிருந்து ஆட்கள் தோளில் துண்டோடு வந்து சேர்ந்தார்கள். “ஆருங்க? ஆரு போனது?” என்று கேட்டபடி இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். பாதிச் சேதி ஊரின் தலைக்குமேல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மாமா வண்டியில் ஏறினார்.

“ஏறு அம்மணி. பாதில உட்டது கெடக்குது.”

நான் ஏறினேன், ஆனால் அவரை ஒட்டி உட்காரவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. என் மாமா, ஊருக்கெல்லாம் பேசுகிற மாமா, சொந்த அக்கா பிள்ளைக்குப் பேசும்போது போய் வாய் தவறிவிட்டாரே என்று இருந்தது. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். நினைத்தது சரியாகத்தான் போயிற்று. அதற்குப் பிறகு பல வருடம் எங்கள் ஊரில் அவருக்கு ‘வாய்தவறியார்’ என்றுதான் பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

முதல் தெரு முனையில் ஆரம்பித்தார். தாத்தா, அப்பா, காங்கேயம், சிங்காநல்லூர், ஒன்றுவிட்ட சித்தப்பா, பங்காளிகள், பேசாத பெரிய மாமனார், நாலாம் வகுப்பு மாணவி. முன்பு சொன்ன அதே வரிசை, அதே இழுவை, ஓர் ஆள் மாறவில்லை. பதட்டத்தில் உளறியவருக்கு இத்தனை பேரும் இப்படி ஒழுங்காக ஞாபகம் இருப்பார்களா என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை. வேண்டுமென்றுதான் சொன்னேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அடுத்த தடவை நிஜமாகவே ஒருவர் போனபோது எந்தக் குடோன் வாசலிலும் கை தூக்கியிருக்கமாட்டார்கள், போனவரின் பெயரைத் தறிச் சத்தம் தின்றிருக்கும் என்பதும் தெரியவில்லை. அப்பாவுக்கு அந்த நிமிடமே தெரிந்திருந்தது. எனக்கு, நானே இரண்டு பிள்ளைகளைக் கூட்டத்தில் கைப்பிடித்து நடத்திய பிறகுதான் தெரிந்தது.

“…அன்புத் தங்கையுமாகிய, எங்கள் பாப்பா அவர்கள்,” என்று மாமா ஒவ்வொரு தெருவிலும் நிறுத்தி, ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார், “சற்று முன்னர், நூல் ரூமிலிருந்து, பூனைக்குட்டி சகிதமாக, நல்லபடியாகக் கிடைத்துவிட்டார் என்பதை மிக்க மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.”

ஒவ்வொரு தெருவிலும் ஒரு நொடி அமைதி. பிறகு யாராவது ‘அட!’ என்பார்கள். பிறகு சுவிட்ச் ஏறும். தறிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம் போட ஆரம்பிக்கும். கீழத்தெருவில் சொல்லி முடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மாமா மைக்கை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். கடைசித் தறி ஓடத் தொடங்கி, இனி பக்கத்தில் இருப்பவர் பேசினாலும் கேட்காது என்று ஆனபிறகுதான், கையைத் தூக்கி அம்மா அறைந்த கன்னத்தைத் தடவிக்கொண்டார்.